முதலும் முதுசமும்: கோவலனின் பொருள்வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

கோவலனது வீழ்ச்சியைப் பற்றி எழுதியோர் பலரும் அதனைப் பரத்தமை, ஊழ் என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுவதே பெருவழக்கு. சிலப்பதிகாரப் பதிகம் நூலின் நோக்கமாக எடுத்துரைக்கும் மூன்றும் அரசியலையும் பத்தினியையும் ஊழ்வினையையும் பற்றியனவே. பொருளைப் பற்றியதொன்று அவற்றுள் இல்லை. ஆயினும், இளம்பருவத்திலேயே பெருஞ்செல்வத்தைக் கையேற்ற ஒருவன் அதனை என்ன செய்தான் என்னும் வினாவின் மீதே புகார்க் காண்டத்தின் பெரும்பகுதி நடக்கின்றது.

மாசாத்துவான், மாநாய்கன் என்னும் பெயர்களே தொழிலைச் சுட்டுவன. சாத்து என்பது தரைவழி செல்லும் வணிகக் கூட்டம். நாய்கன் கடல் வாணிகன். பதினாறாண்டினனான கோவலனுக்கும் பன்னீராண்டினளான கண்ணகிக்கும் நிகழ்ந்த மணம் இவ்விரு வாணிகக் குடிகளின் இணைப்புமாகும். மனையறம்படுத்த காதையின் இறுதியில் கோவலனின் தாய், மக்களிருவரையும் வேறு மனையில் இருத்தி, செல்வமும் பணியாளரும் அளித்துத் தனிக்குடித்தனம் நடத்தச் செய்கின்றாள். விருந்தோம்பலும் அறவோர்க்கு அளித்தலும் அவர்தம் கடமைகளாகின்றன. ஆனால் கோவலன் தந்தையோடு சாத்திற் சென்றதாகவோ, பண்டசாலையில் இருந்து கணக்கு நோக்கியதாகவோ ஓரடியேனும் காப்பியத்தில் இல்லை. வாணிகன் மகனுக்கு வாணிகம் பழக்கப்படாமலே பொருள் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. இக்குறை பெற்றோரைச் சார்ந்தது என்பதைக் கோவலனைக் கடிந்துரைப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரங்கேற்று காதையில் அவனது முதற் கொள்வனவு நிகழ்கின்றது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையை நகர நம்பியர் திரியும் தெருவிலே கூனி விலைகூறி நிற்க, அவன் அதனை வாங்குகின்றான். விலைபேசியதாகவும் குறிப்பில்லை. இதை மட்டுமே கொண்டு அவனை வெறும் ஊதாரி எனல் பொருந்தாது. அடைக்கலக் காதையில் மாடலன் வாயிலாக வேறொரு கோவலனைக் காண்கிறோம். கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குப் பொருளளித்து அவள் துயர் துடைத்தவன் அவன். பூதத்திடம் உயிரிழந்தவனின் சுற்றத்தைப் பல்லாண்டு தாங்கியவனும் அவனே. காமத்திலும் கொடையிலும் அவன் கை ஒரே வகையாகவே இயங்கியிருக்கிறது. பொருள் வெளியே சென்றது. உள்ளே வருவதற்கான வாயில் எதுவும் இருக்கவில்லை.

கனாத்திறமுரைத்த காதையில் நிலைமை மாறுகின்றது. குலம் தந்த பெருஞ்செல்வத்தைத் தொலைத்தமைக்கு நாணுவதாகக் கோவலன் கூற, மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகிறான் என மயங்கிய கண்ணகி சிலம்பு உண்டு என்கிறாள். அப்போதுதான் ‘முதல்’ என்ற வணிகச் சொல் அவன் வாயிற் பிறக்கின்றது: அச்சிலம்பை முதலாகக் கொண்டு இழந்ததை மதுரையில் ஈட்டுவதாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வேறுபடுத்தும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட அவ்வழமையைக் காப்பிய காலத்திற்கு ஏற்றுதல் முறையன்று. எனினும் அச்சொற்கள் இங்கு ஓர் உண்மையை விளக்க உதவும். முதுசம் முடிந்த பின்னர், தேடியதேட்டம் ஏதுமில்லாத நிலையில், கோவலன் முதலாகக் கொண்டது மனைவியின் உடைமையை. இறுதியில் உயிரோடு போனதும் அதுவே.

மதுரையில் அவன் நடந்துகொண்ட முறையே இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. தன் நிலையை அந்நகர வணிகருக்கு உணர்த்தி வருவதாகக் கவுந்தியிடம் கூறிச் சென்றவன், மணிக்கடைகளையும் நால்வகைப் பொன்னும் கொடியிட்டு விற்கப்படும் வீதியையும் கண்டு மீள்கின்றான். எந்த வணிகரிடமும் பேசியதாக இளங்கோ கூறவில்லை. இவன் தந்தையின் பெயரைக் கேட்டால் இவ்வூர் வணிகர் அரும்பொருள் பெற்றவர்போல் எதிர்கொள்வர் என்று கவுந்தி மாதரியிடம் கூறுவது ஈண்டு மனங்கொளத்தக்கது. குலப்பெயரும் ஒரு முதலே. கைப்பொருள் அனைத்தையும் செலவிட்டவன் இந்த ஒன்றை மட்டும் செலவிடக் கூசினான். விளைவு, மணியும் பொன்னும் அறிந்தோர் நிறைந்த வீதிகளைக் கண்டவன், பின்னர் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனிடம், அவன் பின்னே நூறு கம்மியர் வருவதொன்றையே சான்றாகக் கொண்டு, சிலம்பை விலையிட இயலுமா என வினவுகின்றான். மாலை வாங்கிய கையும் சிலம்பு விற்கும் கையும் ஒன்றே என்பதை இளங்கோ எவ்விளக்கமுமின்றி உணர்த்திவிடுகிறார்.

மணிமேகலையின் சாதுவன் இவனுக்கு நல்லதோர் ஒப்பு. அவனும் கணிகையிடத்தும் சூதிலும் பொருளிழந்தவன். ஆதிரையைத் தனித்திருக்கச் செய்தவன். ஆயின் வறுமையுற்றபோது வங்கத்திற் செல்லும் வணிகரோடு சேர்ந்து போகிறான். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கியபோது அவர்தம் மொழியறிவு அவனைக் காக்கிறது. சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் பொருளோடு மீள்கின்றான். சாத்தனார் இதனைப் பௌத்த அறத்திற்குச் சான்றாகவே கூறினார் என்பது உண்மை. அறிவும் கூட்டும் அவனிடம் இருந்தன என்பதும் உண்மை.

கோவலனோ பெற்றோரிடம் சொல்லாது வைகறையிற் புறப்பட்டான். தொலைந்தது குலத்தின் செல்வம் என்று அவன் சொன்னானாயினும், நீர்ப்படைக் காதை வேறொன்றைத் தெரிவிக்கின்றது. மகனின் முடிவைக் கேட்ட மாசாத்துவான் தன் பெரும்பொருளைத் தானமாக ஈந்து, இந்திர விகாரம் ஏழினும் புகுந்து துறவு பூண்டான். அவ்வாறு ஈவதற்குத் தந்தையின் மனையில் அன்றும் பொருள் இருந்தது.