பதின்மூன்று பாகைத் திருப்பம்: சமகாலக் கட்டடக்கலையும் இஸ்லாமிய மரபும்

கடந்த நாற்பது ஆண்டுகளில் முஸ்லிம் நாடுகளில் எழுந்த கட்டடங்கள் சிலவும், முஸ்லிம்களின் பண்பாட்டை முன்னிறுத்தி மேலை நாடுகளில் எழுந்த கட்டடங்கள் சிலவும் உலகக் கட்டடக்கலை அறிஞர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. ஒளியின் அளவறிந்து தாமே திறந்து மூடும் சாளரங்கள், கடல்நீர்மேல் மிதப்பதுபோன்று தோன்றும் குவிமாடம், தரையும் சுவரும் கூரையும் ஒரே அலையாக எழும் மாளிகை என இப்புதுமைகள் விரிகின்றன. பாக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத் வடிவமைத்து 2012இல் பாக்கூ நகரில் திறக்கப்பட்ட ஹைதர் அலியேவ் மையத்தின் வளைவுகளுக்குக்கூட இஸ்லாமிய எழுத்தணிக் கலையின் தொடரோட்டமே முன்னோடி எனக் கூறப்பட்டது.

இத்தகைய கூற்றுகளைச் செவியுறும்போது நம்முள் இயல்பாகவே ஒரு வினா எழுகிறது. மரபு என்று நாம் எதைக் குறிக்கிறோம்? கண்ணுக்குத் தோன்றும் கோலத்தையா, அக்கோலத்தைப் பிறப்பித்த தேவையையா? இவ்வினாவைத் துணையாகக் கொண்டு பாரிஸ், அபுதாபி, டாக்கா ஆகிய மூன்று நகரங்களிலுள்ள மூன்று கட்டடங்களை இங்கு நோக்குவோம். மூன்றும் ஒளியையே தம் முதன்மைப் பொருளாகக் கொண்டவை. மூன்றும் பெரிதும் பாராட்டப்பட்டவை. ஆயினும் மரபிலிருந்து அவை எடுத்துக்கொண்டவை ஒன்றல்ல.

மஷ்ரபிய்யாவும் மின்விசையும்

பாரிஸில் ஸேன் நதிக்கரையில் 1987இல் திறக்கப்பட்டது அரபு உலக நிறுவனம். பிரெஞ்சுக் கலைஞர் ழான் நூவெல் பிறருடன் இணைந்து இதனை வடிவமைத்தார். இதன் தென்முகம் முழுவதும் கண்ணாடி. அக்கண்ணாடிக்குப் பின்னே 240 உலோகச் சட்டங்கள் அணிவகுக்கின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் புகைப்படக் கருவியின் கண்போன்று சுருங்கி விரியும் துளைகள் உள்ளன. வெயில் மிகுந்தால் அவை சுருங்கும், மங்கினால் விரியும். தொலைவிலிருந்து காண்போர்க்கு அச்சுவர் அரபுப் பின்னற்கோலம் பொறித்த பெருந்திரையாகக் காட்சியளிக்கும். 1989இல் இக்கட்டடம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

இதன் மூலவடிவம் கெய்ரோ நகர வீடுகளின் மஷ்ரபிய்யா என்னும் மரச்சாளரமாகும். கடைந்த சிறு மரத்துண்டுகளைக் கோத்து உருவாக்கிய அச்சாளரம் ஒரே வேளையில் பல பணிகளைச் செய்தது. கண்கூசும் வெயிலைத் தணித்தது; காற்றை உள்ளே விட்டது; வீட்டினுள் இருப்போர் தெருவைக் காணவும் தெருவில் செல்வோர் வீட்டினுள்ளே காணாதிருக்கவும் வழிசெய்தது. அதனருகே வைத்த மண்சாடியின் நீர் காற்றுப்பட்டுக் குளிர்ந்தது. பருகுதல் என்னும் பொருள்தரும் அரபு வேரிலிருந்தே அதன் பெயர் பிறந்தது என்பர்.

பாரிஸ் கட்டடம் இப்பணிகளுள் ஒன்றை மட்டுமே ஏற்றது. மூடிய கண்ணாடிக்குப் பின்னிருக்கும் திரை காற்றை அறியாது, நீரைக் குளிர்விக்காது, இல்லத்தின் மறைவைக் காக்கும் கடமையும் அதற்கில்லை. எஞ்சிய ஒளித்தணிப்பையும் அது மின்விசையின் துணைகொண்டே நிறைவேற்றியது. நுண்பொறிகள் நாளடைவில் பழுதுற, 2017இல் அவற்றைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு தச்சனும் ஒரு கைப்பிடி மரத்துண்டுகளும் செப்பனிடக்கூடிய சாளரத்தின் வழித்தோன்றல் இது என்பதை எண்ணுகையில், மரபின் எப்பகுதி கைவிடப்பட்டது என்பது தெளிவாகிறது. எனினும் நூவெலின் படைப்பை வெறும் அலங்காரம் எனத் தள்ளிவிடுதல் நீதியாகாது. அரபுப் பண்பாட்டை ஒட்டகமும் பாலைவனமுமாகவே கண்டு பழகிய ஒரு தலைநகரில், அதனைக் கணிதத்தின், நுண்ணறிவின் மொழியாக நிறுத்திக் காட்டியது அச்சுவர். அது ஒரு சிறந்த மேற்கோள். ஆனால் மேற்கோளும் வாழ்வும் ஒன்றல்ல.

நிழலும் அதனை அமைத்தோரும்

முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கலைஞர் அபுதாபியின் சஅதிய்யாத் தீவில் லூவ்ர் அருங்காட்சியகத்தைக் கட்டினார். 2007இல் பிரான்சும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்த இது, 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. வெண்ணிறச் சிறு கட்டடங்கள் அரபு மதீனா ஒன்றின் தெருக்களைப்போல நெருங்கி நிற்க, அவற்றின்மேல் 180 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் கவிந்துள்ளது. சுமார் 7,500 டன் எடையுள்ள அதனை நான்கே தாங்கிகள் சுமக்கின்றன. அவையும் கட்டடங்களுக்குள் மறைந்துள்ளன. எட்டு அடுக்குகளில் 7,850 நட்சத்திர வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால், கதிரவனின் ஒளி பலமுறை தடைபட்டும் கடந்தும் தரையில் புள்ளிகளாக உதிர்கிறது. பேரீச்ச ஓலைக் கூரையின் ஊடே கசியும் வெயிலே இதற்குத் தூண்டுதல் என்றார் நூவெல்.

பாரிஸ் கட்டடத்தைவிட இது ஒரு படி முன்னேறியது என்றே நாம் கருதுகிறோம். இங்குள்ள பின்னல் விசையின்றியே பணிபுரிகிறது. காற்று தடையின்றி உலவுகிறது. கடல்நீர் கட்டடங்களுக்கிடையே வந்து செல்கிறது. கடும் வெயிலில் வருவோர் மெய்யான நிழலை உணர்கின்றனர். கோலம் இங்கே தொழிலைப் பெற்றுவிட்டது.

ஆயின் ஒரு கட்டடத்தை மதிப்பிடுங்கால் அதன் கூரையை மட்டும் அளந்தால் போதுமா? சஅதிய்யாத் தீவின் கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தெற்காசியத் தொழிலாளர்கள் வேலைக்காகத் தரகர்களுக்குப் பெருந்தொகை செலுத்தியதையும், அவர்தம் கடவுச்சீட்டுகள் பறித்து வைக்கப்பட்டதையும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2009இலும் பின்னரும் வெளியிட்ட அறிக்கைகள் பதிவு செய்தன. நம் வாசகர் பலரின் குடும்பங்கள் வளைகுடா உழைப்பை நேரில் அறிந்தவை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தின் பெயரால் ஒரு நட்சத்திரக் குவிமாடம் பெருமை பேசுமாயின், அதன் கீழே விழும் நிழலைப் பற்றி மட்டுமன்றி, அதனை மேலே ஏற்றியோர் நின்ற வெயிலைப் பற்றியும் கேட்பது திறனாய்வின் கடமையேயாகும்.

செங்கல்லில் ஒரு தொழுகைவெளி

டாக்காவின் வடபகுதியில் நெருக்கமான குடியிருப்புகளுக்கிடையே உள்ளது பைத்துர் ரஊஃப் பள்ளிவாசல். கட்டடக்கலைஞர் மரீனா தபஸ்ஸுமின் பாட்டியார் தம் நிலத்தின் ஒரு பகுதியைப் பள்ளிவாசலுக்கென வழங்கி, 2005இல் அதனைக் கட்டும் பொறுப்பைத் தம் பேத்தியிடமே ஒப்படைத்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். மக்களிடம் திரட்டிய நன்கொடையைக் கொண்டு பணி மெல்ல நடந்து 2012இல் நிறைவுற்றது. பரப்பளவு 754 சதுர மீட்டர் மட்டுமே. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. 2016இல் இச்சிறு பள்ளிக்கு ஆகா கான் விருது கிடைத்தது.

நிலம் அமைந்த போக்குக்கும் கிப்லாத் திசைக்கும் இடையே பதின்மூன்று பாகை வேறுபாடு இருந்தது. நம்மிடையே இத்தகைய சிக்கல் நேர்ந்தால் விரிப்பில் கோடுகளைச் சாய்த்து வரைந்து முடித்துவிடுவதே வழக்கம். தபஸ்ஸும் அவ்வேறுபாட்டையே கட்டடத்தின் கருவாக ஆக்கினார். வெளியே நிலத்தை ஒட்டிய சதுரம். அதனுள்ளே ஒரு வட்டம். அவ்வட்டத்தினுள் கிப்லாவை நோக்கித் திரும்பிய மற்றொரு சதுரம். வட்டத்துக்குத் திசை இல்லையாதலின், அதனுள் நிற்கும் தொழுகைக்கூடம் தடையின்றித் திரும்ப முடிந்தது. தெருவின் திசையில் நுழைபவர் தம்மை அறியாமலே இறையில்லத்தின் திசைக்கு வந்து சேர்கிறார்.

தொழுகைக்கூடத்தின் கூரையை ஓரங்களிலுள்ள எட்டுத் தூண்கள் தாங்குவதால் நடுவே அணிவகுப்பைப் பிரிக்கும் தூணேதும் இல்லை. கூடத்துக்கும் வட்டச் சுவருக்கும் இடைப்பட்ட வெளிகளில் வானொளி இறங்குகிறது. கூரையிலுள்ள சிறு வட்டத் துளைகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் நேரத்துக்கேற்ப இடம்பெயர்கின்றன. கிப்லாச் சுவரில் செங்குத்தான ஓர் ஒளிப்பிளவு. தொழுவோர் பார்வை அதன்வழியே வெளியே அலையாதவாறும் ஒளி மட்டும் உள்ளே வருமாறும் அது அமைந்துள்ளது. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்கள் காற்றுக்கு வழிவிடுகின்றன. மஷ்ரபிய்யாவின் பணியை இங்கே செங்கல் ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் உருவம் எங்கும் நகலெடுக்கப்படவில்லை.

கல் அரிதான வங்கச் சமவெளியில் சுட்ட செங்கல்லே சுல்தான்கள் காலம் தொட்டுப் பள்ளிவாசல்களின் உடலாக இருந்து வந்துள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாகர்ஹாட் நகரின் ஷாட் கும்பத் பள்ளி அதற்குப் புகழ்பெற்ற சான்று. திசைத் திருப்பத்துக்கும் முன்னோடிகள் உண்டு. 1125இல் கெய்ரோவில் கட்டப்பட்ட அல்அக்மர் பள்ளியின் முகப்பு தெருவை ஒட்டியும், உட்கூடம் கிப்லாவை ஒட்டியும் அமைந்துள்ளன. இஸ்பஹானின் ஷாஹ் பள்ளிவாசல் பெருஞ்சதுக்கத்தை நோக்கி வாயிலைத் திறந்துவைத்துத் தான் கிப்லாவின்பால் திரும்பிக்கொள்கிறது. டாக்காவிலேயே அமெரிக்கக் கலைஞர் லூயி கான் வடிவமைத்து, அவர் மறைவுக்குப் பின் 1982இல் நிறைவுற்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் தொழுகைக்கூடம் ஏனைய பகுதிகளின் அச்சிலிருந்து விலகிக் கிப்லாவை நோக்குகிறது.

ஆகவே, முற்றிலும் புதியதாகத் தோன்றும் இப்பள்ளி, முன்னோர் எதிர்கொண்ட அதே சிக்கலை எதிர்கொண்டு தன் காலத்துக்குரிய விடையைக் கண்டுள்ளது. முன்னோரின் விடையைப் படியெடுப்பது ஒருவகை மரபு; அவர்கள் எழுப்பிய வினாவை மீண்டும் எழுப்புவது மற்றொரு வகை. பின்னதே உயிருள்ளது என்பது நம் துணிபு.

அடையாளம் பற்றிய மறுப்பு

இக்கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. குவிமாடமும் மினாராவும் இல்லாத பள்ளியைச் சராசரி முஸ்லிம் தன் பள்ளியென எங்ஙனம் அறிவான்? இத்தகைய எளிமை விருதுக் குழுக்களின், கற்றறிந்த கலைஞர்களின் சுவையேயன்றி மக்களின் சுவையாகுமா? முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நாடுகளில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. 2009இல் சுவிட்சர்லாந்து பொது வாக்கெடுப்பின் மூலம் புதிய மினாராக்களைத் தடைசெய்தபோது, மினாரா ஓர் உரிமையின் சின்னமாயிற்று. அங்கு அதனை வேண்டி நிற்பது நியாயமே.

எனினும் அடையாளம் என்பது ஒரே உருவத்துக்குள் அடங்கியதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளி மண்சுவரும் பேரீச்ச மரத்தூண்களும் ஓலைக்கூரையும் கொண்டது. அதில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. சீனத்தின் ஸியான் நகரப் பெரும்பள்ளி சீன மரக்கட்டட வடிவிலும், மாலியின் ஜென்னே பள்ளி களிமண்ணிலும் நிற்கின்றன. நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம்பள்ளிகள் இந்நாட்டுச் சிற்பியரின் கல்தூண்களையும் தட்டையான கல்கூரையையும் கொண்டவை. அவற்றில் தொழுதோர் தம்மை முஸ்லிம்களென அறிந்தே இருந்தனர். அகன்ற கூடத்தை நடுத்தூணின்றி மூடுவதற்கு ஒருகாலத்தில் குவிமாடம் தேவைப்பட்டது. ஊர் முழுதும் பாங்கொலி பரவ மினாரா உதவியது. இன்று காங்கிரீட்டில் வார்க்கப்படும் குவிமாடங்கள் சிலவற்றில், உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்போர்க்குத் தட்டைக்கூரையே தெரிகிறது. அக்குவிமாடம் தெருவுக்காக மட்டும் நிற்கிறது. அதற்கு இடம்தரப் பழைய கல்தூண் மண்டபம் இடிக்கப்படுமாயின், நாம் அடையாளத்தைப் பெறவில்லை, இழக்கிறோம்.

பைத்துர் ரஊஃபின் எல்லைகளையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அது சிறியது, நிலம் வழங்கியவரும் வரைந்தவரும் ஒரே குடும்பத்தினர். குழுக்களும் கணக்குகளும் கருத்து வேறுபாடுகளும் நிறைந்த ஒரு ஜமாஅத்தில் அத்தகைய ஒருமைப்பாடு எளிதில் வாய்க்காது. ஆனால் அதன் நெறி சிறு கட்டடங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஜித்தாவின் ஹஜ் முனையம் சான்று. டாக்காவில் கல்வி கற்ற பொறியியல் மேதை ஃபஸ்லுர் ரஹ்மான் கான் பங்குகொண்டு 1981இல் நிறைவுற்ற அதில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரமான 210 கூடாரங்கள் இரும்பு வடங்களில் தொங்குகின்றன. வெப்பக்காற்று மேலே வெளியேற, திறந்த பக்கங்கள்வழியே காற்று உலவ, லட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு அது நிழல் தருகிறது. பெரும் பொருட்செலவும் உயர் தொழில்நுட்பமும் அங்கே பயணியின் களைப்பை முன்னிட்டே ஈடுபடுத்தப்பட்டன. கூடாரம் அங்கே அணியாக அமையவில்லை, கூடாரமாகவே பணிபுரிகிறது.

புதிய பள்ளிவாசல் எழுப்ப முனையும் நம் நிர்வாகத்தினர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து முகப்பைத் தேர்ந்தெடுக்குமுன், சில வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நலம். இவ்வூரில் ளுஹர் வேளையில் வெயில் எப்பக்கம் விழும்? காற்று எத்திசையிலிருந்து வரும்? மின்சாரம் நின்றுபோனால் கடைசி வரிசையில் நிற்பவர் மூச்சுவிட முடியுமா? முதியவர் உளூச் செய்ய எத்தனை படி ஏற வேண்டும்? பெண்களுக்கு ஒதுக்கும் இடத்துக்கு அதே ஒளியும் காற்றும் கிடைக்குமா? இடிக்கக் கருதும் பழைய சுவரை எழுப்பியவர் யார்? இவற்றுக்கு நேர்மையான விடை கண்டபின் எழும் கட்டடம் குவிமாடம் தாங்கினும் தாங்காவிடினும், மரபுக்கு உரியதாகவே இருக்கும்.