நாலு காலுக்கும் ஒரு கொல்லை

கோலாலம்பூர் சாலாக் செலாத்தானின் வரிசை வீடுகளில் பின்கொல்லை சிறியது: சிமெண்டுத் தரை, துணிக்கொடி, ஓரத்தில் லோங்காங் எனும் சாக்கடை. நாய் பூனைக்கு அது போதாது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரப்பைவிட நிழலே முக்கியம். நாய் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. மத்தியான வெயில் ஏறிய சிமெண்டு அதன் பாதத்தைப் பொசுக்கிவிடும். ஒரு கறிவேப்பிலை மரமும் அதன் அடியில் நாலடி மண்ணும் விட்டுப் பாருங்கள். நாய் தானே மண்ணைப் பறித்து, ஈரத்தில் வயிற்றைப் பதித்து, பின்கால்களை நீட்டிப் படுக்கும். எத்தனை அழகு அது!

மண் இருந்தால் வீடு அழுக்காகும் என்பது நியாயமான குறைதான். கதவடியில் ஒரு சாக்கு போட்டால் பெரும்பாலும் தீரும். பூசைக்கு அரளி வேண்டுமே என்பது அதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மல்லிகை சாமிக்கும் ஆகும், பிராணிக்கும் தீங்கில்லை. லோங்காங்குக்குக் கம்பி மூடி அவசியம். அதன் வழியே வரும் எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நாயையும் நம்மையும் பிடிக்கும். பிராணிக்கு ஏற்ற சூழலைத் தருவது வளர்ப்பவரின் கடமை என்று மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமே சொல்கிறது.