விருதும் வேட்கையும்

பரிசில் பெற்று மகிழ்ந்த புலவர் பலர். எனினும், அதியமான் தன்னை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு காட்டுகிறது. பொருள் சிறிதென்று அவர் மறுத்தாரல்லர். தம் புலமையை அறியாது வந்த பொருள் என்பதே அவர்தம் குறை. விருதுக்கும் படைப்புக்கும் உள்ள உறவை ஆராய்வார்க்கு இந்நிகழ்ச்சி இன்றும் வழிகாட்டும்.

கணினி விளையாட்டு இக்காலத்துப் படைப்புத் துறைகளுள் ஒன்று. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை உருவாக்கியபோது, விருதோ வருவாயோ அவர்முன் இருந்ததில்லை. அதன் உரிமைத்தொகை அவர் கைக்கு வரத் தொடங்கியது 1996க்குப் பின்னரே. படைப்பு வேட்கை பரிசுக்கு முற்பட்டது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

தமிழர் படைப்பிலும் இத்தகையதோர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் அபி என்னும் தமிழரின் தலைமையில் இயங்கும் விசை கேம்ஸ் குழுவினர் 2023 சூலையில் ‘வெண்பா’வை வெளியிட்டனர். 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரையும் அவர்தம் மகன் கவினையும் பற்றிய கதை அது. 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் தனிப்படைப்பு விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், இலண்டனில் பாஃப்டாவின் முதற்படைப்பு விருதும் அதற்குக் கிட்டின.

விருதினால் ‘வெண்பா’ பலரை எட்டியது என்பது மெய். ஆயின் அதன் உயிர் விருதில் இல்லை; சிதைந்த சமையற் குறிப்பேட்டில் இருக்கிறது. தாய் தந்த ஏட்டில் சில வரிகள் அழிந்துபோயின. அவ்விடைவெளியை ஆடுபவரே சிந்தித்து நிரப்பவேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் முறையையும், குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் இடும் முறையையும் கண்டறியும்போது, அறுந்த மரபொன்றைக் கைகளே ஒட்டவைக்கின்றன. வளர்ந்த கவின் அதே ஏட்டின் தமிழைத் தடுமாறிப் படிக்குமிடம் கதையின் உச்சம் எனலாம். கருத்தை உரையாடலால் சொல்லாமல் செயலால் உணர்த்துவதே இக்கலையின் தனித்தன்மை. அதனை ஆக்கியோர் நன்கறிந்துள்ளனர்.

குறைகளும் இல்லாமலில்லை. சமையலில் பிழை நேர்ந்தால் உடனே மீண்டும் தொடங்கிவிடலாம். ஆதலின் இழப்பின் கனம் ஆடுபவர் கைக்கு எட்டுவதில்லை. வெண்பாவின் உள்ளம் விரிந்த அளவுக்குப் பாவலனின் உள்ளம் விரியவில்லை. இவற்றை எந்த விருதும் எடுத்துக் கூறாது. கூறவேண்டியவர் தமிழறிந்த திறனாய்வாளரே. அவர்களோ விருதுச் செய்தியைப் படித்துப் பெருமைகொள்வதோடு நின்றுவிட்டால், காணாது கொடுத்த அதியமானின் நிலையையே அடைவர்.

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறும் இதனை வலியுறுத்துகிறது. 1950ஆம் ஆண்டையொட்டித் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ இளம் எழுத்தாளர் பலரை ஆளாக்கியது. எழுதியதை ஒருவர் கருத்தூன்றிப் படித்து மதிப்பிடுகிறார் என்னும் நம்பிக்கையே அங்குப் பெரும் பரிசாயிற்று.

பீடோர் போன்ற சிற்றூர்களின் தமிழ் மாணவர்க்கு ‘வெண்பா’ அயலார் கதையன்று. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட, லயங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களிலும் பாட்டியின் புட்டுக்குழல் உண்டு. மொழியை மறந்துவரும் பேரனும் உண்டு. அக்கதையை நாளை ஒரு மாணவன் கணினியில் படைக்க முற்பட்டால், எந்தப் போட்டிக்கு அனுப்பப்போகிறாய் என்று ஆசிரியர் முதலில் வினவுதல் தகாது. அவன் ஆக்கியதை அருகிருந்து ஆடிப்பார்த்து, நிறைகுறை கூறுதலே தகும். விருது பின்னர் வரலாம், வாராமலும் போகலாம். வேட்கையை வாழவைப்பது காணும் கண்ணே.