கடாரத்து அரசும் குடியேற்றக் கொள்கையும்

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. இராசேந்திர சோழன் கடாரத்தை வென்றான். அங்கே மண்ணுக்கடியில் கோயில்கள் கிடைத்தன. ஆகவே அந்நாட்டை அமைத்து ஆண்டவர் தமிழர். இம்மூன்றனுள் முதலிரண்டும் மறுக்கவொண்ணாதவை. மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதன்று. மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலரும் இவ்வாய்பாட்டையே சொல்லிக் கொடுத்துவருவதால், அதன் பிறப்பு வளர்ப்பைச் சற்றே ஆராய்வது நம் கடமையாகின்றது.

1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் மனைவியாருடன் இங்கு அகழ்ந்து, முப்பது இடங்களுக்கு எண்ணிட்டு, 1940இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'இந்தியக் குடியேற்றம்' என்ற கருத்து இடம்பெற்றது. அது பிரிட்டனும் பிரான்சும் ஆசியாவை ஆண்ட காலம். நாகரிகம் என்பது வெளியிலிருந்து வரும் ஆளுங்கூட்டம் கொண்டுவந்து கொடுப்பது என்று கருதுவது அவர்கட்கு இயல்பாயிருந்தது. 1926இல் கல்கத்தாவில் தோன்றிய பெரும் பாரதச் சங்கத்தாரோ, அடிமைப்பட்ட நாட்டினராய் இருந்தமையால், 'எமக்கும் ஒரு காலத்தில் கடல் கடந்த நாடுகள் இருந்தன' என்று சொல்லிக்கொள்வதில் ஆறுதல் கண்டனர். ஆள்வோரின் செருக்கும் ஆளப்படுவோரின் ஏக்கமும் ஒரே முடிவில் வந்து கைகுலுக்கிக்கொண்டன! வேல்ஸே 1951இல் வெளியிட்ட நூலில் உள்நாட்டு மக்களின் படைப்பாற்றலுக்குப் பெரிதும் இடங்கொடுத்தார். நம் எழுத்தாளர்கள் 1940ஆம் ஆண்டு வேல்ஸை மட்டும் மேற்கோள் காட்டுவது ஏனோ தெரியவில்லை.

சோழர் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 1025இல் சென்ற கடற்படை கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்த செய்தியைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகின்றது. பிடிபட ஓர் அரசன் இருந்தான் என்றால், படை செல்லுமுன்னரே அங்கு அரசு இருந்தது என்பது வெளிப்படை. அதற்கும் ஏறக்குறைய இருபதாண்டுகள் முன்னர், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. குடியேற்ற நாட்டுத் தலைவன் தாய்நாட்டில் தன் தந்தை பெயரால் விகாரம் எடுத்து, அதற்குப் பேரரசனிடமிருந்து ஊர் பெறுவது என்பது பொருந்துமா? இஃது இரண்டு அரசர்களுக்கிடையே நிகழ்ந்த செயல்.

இனி மண்ணின் சான்று. 1958 முதல் ஆலஸ்டர் லாம்ப் புக்கிட் பத்து பகாட் கோயிலை ஆய்ந்து மீண்டும் அமைத்தார். கருவறையும் மண்டபமும் கொண்ட அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஆயின் கருங்கல் தளத்தின்மேல் நிற்பவை தூணைத் தாங்கும் கற்களே. தூணும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவையாதல் வேண்டும். கற்சிகரம் இல்லை. திட்டம் வந்தது வெளியிலிருந்து, கட்டியது உள்ளூர்க் கை என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. இவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற பழங்கல்வெட்டுகளும் தமிழில் இல்லை. மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டுப் போன்றவை வடமொழியில் அமைந்தவை. தமிழ் வணிகர் உண்மையில் தங்கிய இடங்களில் தமிழையே பொறித்திருக்கின்றனர்: தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டில் மணிக்கிராமத்தார் பெயருடன் ஒரு குளத்தைப் பற்றிய கல்வெட்டு, சுமத்திராவின் பாரூசில் 1088இல் ஐந்நூற்றுவரின் கல்வெட்டு. நம் பெருமைக்கு இவை போதாவா?

பின் அரசு எவ்வாறு தோன்றிற்று? கார்டன் சைல்டு 1950இல் நகர நாகரிகத்துக்குப் பத்து அடையாளங்கள் வகுத்தார். பெருநகர், எழுத்து, மாபெரும் கட்டடம் முதலிய அவ்வடையாளங்களைக் கொண்டு கெடாவை அளந்தால் அது தேறாது. தேறாத இடத்தில் கோயில் மட்டும் இருக்கக் கண்டவர்கள், வெளியாரைக் கொண்டு அதற்கு விளக்கம் சொல்லினர். டச்சு அறிஞர் வான் லியர் 1934இலேயே இதனைத் தலைகீழாக்கினார். அவர் கருத்துப்படி, உள்நாட்டுத் தலைவர்களே தம் ஆட்சிக்குச் சிறப்புத் தேடிப் பிராமணர்களை வரவழைத்தனர். ஆனால் அத்தலைவர்களுக்கு வலிமை வந்த வகையை அவர் முழுதும் விளக்கவில்லை.

அவ்விடைவெளியை 1977இல் பெனட் புரோன்சன் நிரப்ப முயன்றார். அவர் காட்டும் படம் எளியது. ஓர் ஆறு, மேலே காட்டுப்பொருள் திரட்டும் ஊர்கள், கிளையாறுகள் கூடுமிடங்களில் சிறு சந்தைகள், முகத்துவாரத்தில் ஒரு துறை. அகில், பிரம்பு, ஈயம் எதுவாயினும் ஆற்று வழியே இறங்கித்தான் வரவேண்டும். முகத்துவாரத்தைப் பிடித்தவன் அனைத்தையும் பிடித்தான். வயலும் பெரும்படையும் இல்லாமலே அவன் அரசனாகலாம். அவனுக்குப் பகைவன் அடுத்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பவனே. இத்தகைய அரசு பெரிய மாளிகைகளை விட்டுச் செல்வதில்லை. கெடாவின் வரலாற்றுக்கு இஃது ஓரளவு நன்றாகவே பொருந்துகின்றது.

ஓரளவு என்றே சொல்லவேண்டும். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் வெளிப்படுத்திவரும் இரும்புருக்கு உலைகளும் துருத்திக் குழாய்களும் புரோன்சன் படத்தில் அடங்குவன அல்ல. அங்கே நிகழ்ந்தது வந்த பொருளை மாற்றிவிடும் வேலை மட்டுமன்று. செய்பொருள் ஆக்கமும் கூட. கனிமண் தோண்ட ஆள், கரிக்கு மரம் வெட்ட ஆள், உலை ஊத ஆள், இவர்க்கெல்லாம் சோறு. இவ்வளவையும் நடத்தியவர் ஓர் அரசரா, பல குடும்பங்களா என்பதே ஆராய்ச்சிக்குரிய கேள்வி.

அக்கேள்வியைத் தாண்டி, 'தென்கிழக்காசியாவின் மிகப் பழைய நாகரிகம்' என்று முழங்குவோரும் உளர். கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்றும் பேசப்படுகின்றது. கரித்துண்டு தரும் காலம் அம்மரம் உயிர்விட்ட காலம். அதன்மேல் அடுக்கிய செங்கல்லின் காலம் அதுவே என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். உலை இருந்ததால் அரசு இருந்தது என்பதும், கோயில் இருந்ததால் தமிழர் ஆண்டனர் என்பதும் ஒரே வகைப் பிழை. ஒரு சாரார் இரும்பைப் பேசிக் கோயிலை மறக்கின்றனர். நாமோ கோயிலைப் பேசி இரும்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

2013இல் இப்பள்ளத்தாக்கின் பழங்கோயில் ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. அன்று நம்மவர் எழுப்பிய குரல் நியாயமானதே. ஆயினும் 'எங்கள் முன்னோர் கோயில்' என்ற ஒரே காரணத்தை மட்டும் சொன்னது வழக்கைக் குறுக்கிவிட்டது. அந்த அடித்தளத்தோடு போனது இந்நாட்டின் முதல் அரசைப் பற்றிய சான்று. அது மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் உரியதே.

அண்மையில் புக்கிட் சோராசில் சுதையாலான புத்தர் உருவமும் எழுத்துப் பொறித்த கல்லும் கிடைத்துள்ளன. மற்ற இடங்கள் பெரும்பாலும் ஜெராய் மலைக்குத் தெற்கே மெர்போக், மூடா ஆறுகளை ஒட்டியிருக்க, இது மலைக்கு வடக்கே தனித்து நிற்கின்றது. தெற்குத் துறையின் அரசுக்கு அடங்கிய ஊரா, வேறொரு முகத்துவாரத்துத் தலைவனின் ஊரா? அடுத்து அகழ்பவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள குடியிருப்பையும், அங்குள்ள அடுப்பையும் சட்டியையும் தேடினால் இதற்கு விடை கிட்டக்கூடும்.