ஊரே ஏறும் மேடை

செருமனியின் பவேரிய மலைச்சாரலில் உள்ள ஓபராமர்காவு என்னும் சிற்றூர், 1633இல் கொள்ளைநோயின் பிடியில் இருந்தபோது இறைவனுக்கு ஒரு நேர்ச்சை செய்தது. ஆண்டவரின் திருப்பாடுகளைத் தவறாமல் நடித்துக் காட்டுவோம் என்பதே அந்நேர்ச்சை. 1634இல் தொடங்கிய அந்நாடகம், கொரோனாவால் ஈராண்டு தள்ளிப்போய், 2022இல் 42ஆம் முறையாக அரங்கேறியது.

இதைத் திறனாய்வோர் அதன் இசையைப் புகழ்வர். யூத மக்களை இழித்துரைத்த பழைய பகுதிகள் திருத்தப்பட்டதையும் எடுத்துரைப்பர். கூறத்தக்கவையே. நம்மை ஈர்ப்பதோ எருசலேம் நுழைவுக் காட்சி. ஏறத்தாழ 5,000 பேர் வாழும் ஊரில் மூன்றிலொரு பங்கினர் இந்நாடகத்தில் பங்குகொள்கின்றனர். அவர்களுள் பெருந்திரளானோர் இக்காட்சியில் மேடையை நிறைக்கின்றனர். தந்தையின் தோளில் குழந்தை, அருகில் நரைத்த தாடியுடன் முதியவர். சிறுவனாய் அக்கூட்டத்தில் நின்றவன் பின்னொரு முறை சீடனாகலாம். முதுமையில் மீண்டும் கூட்டத்துக்கே திரும்பலாம். முதியோருக்கென ஆண்டுக்கொரு விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிடும் நம் வழக்கத்தை இங்கே நினையாதிருக்க இயலவில்லை. அங்கே முதியவருக்குக் கிடைப்பது மரியாதையன்று, வேலை. ஒத்திகைக்கு அவர் வராவிடில் கூட்டத்தில் ஓரிடம் வெறுமையாகும்.

ஆனால், அவ்வூர் நெடுங்காலம் பெண்களுள் பலரைப் புறத்தே நிறுத்தியிருந்தது. மணமான பெண்களும் 35 வயதைக் கடந்த பெண்களும் மேடையேறக் கூடாது என்பது விதி. பெண்கள் சிலர் வழக்காடிய பின்னரே, 1990இல் நீதிமன்றம் அதை நீக்கியது. மகனின் உடலை மடியில் ஏந்தும் அன்னை மரியாவை அதுவரை மணமாகாத இளம்பெண்களே நடித்து வந்தனர். முப்பது வயதைத் தாண்டிய மகனுக்கு அவனினும் இளைய தாய்! பிள்ளை பெற்று வளர்த்தவளின் முகமும் குரலும் அக்காட்சிக்கு மறுக்கப்பட்டன. அந்த விதியால் பெண்களுக்கு நேர்ந்த இழப்பு, கலைக்கும் நேர்ந்த இழப்பே.

இன்னொரு வேலி இன்றும் நிற்கிறது. சமயம் இப்போது தடையன்று. 2022இல் யூதாசாக நடித்த இருவருள் ஒருவர் அவ்வூரைச் சேர்ந்த இசுலாமிய இளைஞர். வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்களோ 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பின்னரே நடிக்கும் உரிமை பெறுகின்றனர். நேர்ச்சை ஊரார் செய்தது, ஆகவே ஊராருக்கே உரியது என்பது அவர்கள் வாதம். அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அறுபதாம் வயதில், துணையை இழந்து அவ்வூருக்கு வரும் ஒருவர், எண்பது வயதுவரை பார்வையாளர் இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். அடுத்த நாடகம் 2030இல்.