நொரிகோவும் சொல்கிறாள்

இலங்கையின் ஹந்தானை மலையடியில்தான் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம். அங்கே கற்பித்த சிங்கள எழுத்தாளர் எதிரிவீர சரச்சந்திர 1955இல் ஜப்பான் சென்று நோ, கபுகி நாடகங்களைப் பார்த்துத் திரும்பினார். அடுத்த ஆண்டே அவருடைய ‘மனமே’ நாடகம் மேடையேறியது. 1959இல் வந்தது ‘மலகிய எத்தோ’: இலங்கை ஓவியன் தேவேந்திர, நொரிகோ என்ற ஜப்பானியப் பெண்ணை நேசித்த கதை. சிங்கள வாசகர்கள் தலைமுறைகளாக நெஞ்சில் வைத்திருக்கும் நாவல்.

எனக்கு மிகப் பிடித்தது 1965இல் வந்த தொடர்ச்சி, ‘மலவுன்கே அவுருது தா’. அதே காதலை அதில் நொரிகோ சொல்கிறாள். முதல் நாவலில் அவன் காணத் தவறியவை அவள் குரலில் மெல்லத் துலங்குகின்றன, ஹந்தானையில் மூடுபனி விலகத் தேயிலைச் சரிவு தெரிவதுபோல.