கந்தசாமிப் பிள்ளையின் தயக்கம்

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையை விசுவாசிகள் வாசிக்கலாமா என்று பங்குமக்களில் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. வாசிக்கலாம், இருமுறை வாசிக்க வேண்டும் என்பதே நம் மறுமொழி. முதல் முறை சிரித்துவிடுகிறோம். எதற்குச் சிரித்தோம் என்பது இரண்டாம் முறையில்தான் தெரிகிறது.

1906இல் பிறந்து 1948இல் மறைந்த இவ்வெழுத்தாளர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். தாசில்தாராயிருந்த தந்தையின் பணிமாற்றங்களை ஒட்டி, செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நம் கள்ளக்குறிச்சியிலும் தொடக்கக் கல்வி கற்றவர். தந்தை ஓய்வு பெற்றபின் 1918இல் குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது. நம்மூர்த் தெருக்களில் ஓடியாடிய சிறுவனொருவன் பின்னாளில் கடவுளையே ஒரு குழந்தையோடு வட்டாட வைத்தான் என்று எண்ணுகையில் நமக்குச் சற்றே பெருமிதம் உண்டாகிறது.

கதை 1943இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. சென்னைத் தெருமுனை ஒன்றில், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கிறார்கள். காப்பியின் சுவையைத் தம் லீலை என்று கடவுள் மகிழ, அது சிக்கரியின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். வரங்கொடுத்துவிட்டு மறைந்து போகும் வழக்கம் கூடாது, மனிதருள் மனிதராய் நடந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். மனிதராய் வந்து தங்குவதென்றால் என்ன என்பதைப் பல மறையுரைகளைவிட இந்நிபந்தனை தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

நம்மை நிறுத்தி வைத்தது வேறோர் இடம். வீட்டில் சிறுமி வள்ளியைக் கண்டு, இது உம்முடைய குழந்தையோ என்று கடவுள் வினவுகிறார். பிள்ளை தயங்குகிறார். அவர் மனத்தில் ஓடுவதை அறிந்த கடவுள், இப்போதெல்லாம் தாம் சுத்த சைவர் என்று சொல்லி அச்சத்தைப் போக்குகிறார். அவ்வளவுதான். சிறுத்தொண்டரின் பெயரைக்கூட ஆசிரியர் உரைக்கவில்லை. பிள்ளைக்கறி கேட்ட கடவுளின் கதையை அறிந்த தமிழ் வாசகன் சிரிக்கிறான். சிரித்த மாத்திரத்திலேயே அடிவயிறு குளிர்ந்து போகிறது.

இது சைவரைப் பற்றிய நகைச்சுவை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. பாஸ்கா திருவிழிப்பில் ஆண்டுதோறும் ஆபிரகாமின் பலியை வாசிக்கிறோம். ஈசாக்கும் வள்ளியைப்போலக் காலந்தாழ்த்திப் பிறந்த பிள்ளையே. இறையியல் வகுப்பில் அப்பகுதிக்கு விளக்கங்கள் பல உண்டு. நரபலிக்கு முற்றுப்புள்ளி வைத்த கதை என்பது அவற்றுள் ஒன்று, நல்ல விளக்கமும்கூட. ஆயினும் பலிபீடத்தின்மேல் கட்டப்பட்டுக் கிடந்த பிள்ளையின் பக்கம் நின்று அந்தக் கணத்தை நம்மை நினைக்கவைத்தது, பிள்ளையவர்களின் இந்தச் சிறு தயக்கமே.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாவு வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்றுண்டு: இறைவன் எடுத்துக்கொண்டார் என்பது. மனிதர் விற்ற நஞ்சால் தந்தையை இழந்த குழந்தையிடம் அதைச் சொன்னால் அக்குழந்தை இறைவனை எப்படிப் பார்க்கும்? கந்தசாமிப் பிள்ளை பார்த்ததுபோலத்தான் பார்க்கும்: அடுத்து யாரைக் கேட்பாரோ என்று. அச்சொல்லை இனி எவ்வீட்டிலும் சொல்வதற்கில்லை என்று இக்கதையை வாசித்தபின் நாம் முடிவு செய்திருக்கிறோம்.

கதையின் முடிவோடு மட்டும் நமக்குப் பிணக்கு. கலைப் புரவலர் ஒருவர் முன்னிலையில் கடவுள் மெய்யான பாம்போடும் புலித்தோலோடும் ஆடுகிறார். பாம்பு போன்ற அணியும் புலித்தோல் போன்ற பட்டும் இருந்தாலல்லவா கலை என்று அவர் கடிந்துகொள்கிறார். (திருவிழா ஏற்பாடுகளில் இத்தகைய புரவலரை நாமும் சந்தித்திருக்கிறோம்.) அவமானப்பட்ட கடவுள், எட்டி நின்று வரங்கொடுக்கலாமேயன்றி உங்களோடு உடனிருந்து வாழ இயலாது என்று சொல்லிப் போய்விடுகிறார்.

நம் கல்வராயன் மலைவாழ் மக்களின் தோற்றக்கதையிலும் காஞ்சிபுரத்தில் இருக்கப் பிடிக்காத கரியராமன் என்னும் கடவுள் மலைக்குக் குடிபெயர்கிறார் என்று தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூல் பதிந்துள்ளது. ஆனால் அங்கே அடியார்களும் குடும்பத்தோடு பின்தொடர்ந்து வந்து மலையேறுகிறார்கள். கந்தசாமிப் பிள்ளை வாசல்வரைகூட வரவில்லை. நாசரேத்தூராரும் தம்மூர்த் தச்சரின் மகனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடவே முயன்றனர். அவரோ அவ்வூரைவிட்டு அகன்றாரேயன்றி மனிதரைவிட்டு அகலவில்லை. அங்கேதான் நாம் புதுமைப்பித்தனிடமிருந்து பிரிகிறோம்.

எனினும் ஆசிரியர் நேர்மையானவர். கடைசிச் சொல்லைப் பிள்ளைக்குத் தந்துவிடவில்லை. மேசைமேல் கிடந்த 25 ரூபாயை அவர் ஆயுள் சந்தாவாக வரவு வைக்கிறார். கடவுள் தங்கிப் போனதற்கு அவ்வீட்டில் மிஞ்சியது ஒரு கணக்கு வரி. அப்போது வள்ளி உள்ளே வந்து, தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்கிறாள். தகப்பனார் அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்பது கதையில் இல்லை.